பள்ளி நூலகத்தில் பதின்ம வயதினர் படிக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பள்ளி நூலகத்தைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் என்னிடம் கொண்டு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளைகள் படிப்பதே இல்லை, என்ன செய்வது. இதே கோளாறைப் பல நூலகங்களில் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வரிசைதான். முதலில் கதவைப் பாருங்கள், அப்புறம் அலமாரி, அப்புறம் விதிமுறை, அப்புறம் பெரியவர்களான நாம் நடந்துகொள்ளும் விதம், இவையெல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு பிள்ளையைப் பாருங்கள். வழக்கமாக எல்லோரும் பிள்ளையிலிருந்து தொடங்குகிறார்கள், அறிவுரை சொல்கிறார்கள், போட்டி வைக்கிறார்கள், கடைசியில் பார்த்தால் நூலகக் கதவு மதிய இடைவேளையில் பூட்டியே கிடந்திருக்கும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிக்கும் காரணம் பின்னால். உங்கள் நூலகத்துக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

எதையும் தொடும் முன்: தேதிச் சீட்டைப் பாருங்கள்

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் போல உண்மை சொல்லும் ஆவணம் நூலகத்தில் வேறு இல்லை. ஏதாவது ஒரு தட்டை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள எல்லாப் புத்தகங்களின் சீட்டையும் திறந்து பாருங்கள், அரை மணி நேர வேலைதான். ஒரு நூலகத்தில் அப்படிப் பார்த்தபோது ஒரு சாகச நாவலின் சீட்டில் மாதம் தவறாமல் முத்திரை விழுந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் சட்டென்று நின்றிருந்தது, அதற்குக் கீழே வெறும் கோடுகள். பக்கத்துப் புத்தகத்திலும் கிட்டத்தட்ட அதே தேதி, அதற்கடுத்த புத்தகத்திலும் அப்படியே. விசாரித்தால், அந்த ஆண்டு இருப்புச் சரிபார்ப்பில் சில புத்தகங்கள் குறைந்திருக்கின்றன, அலமாரிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் மாறவில்லை, பூட்டு வந்திருக்கிறது.

கணினியில் இரவல் பதிவு செய்பவர்கள் கடைசியாக எடுக்கப்பட்ட தேதிப்படி பட்டியலை வரிசைப்படுத்தினால் இதே விவரம் கிடைக்கும். மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள்: எல்லாப் புத்தகமும் நின்றுவிட்டதா, சில வகை மட்டும் நின்றதா, சில வகுப்புகள் மட்டும் எடுப்பதை நிறுத்தினவா. எல்லாம் நின்றிருந்தால் முதல் அறிகுறிக்குப் போங்கள். வகை மட்டும் என்றால் இரண்டாவது. வகுப்பு மட்டும் என்றால் ஐந்தாவது.

அறிகுறி 1: யாருமே உள்ளே வருவதில்லை

நேரம் சரியில்லை. முதலில் பார்க்க வேண்டியது இதுதான், இதுவே பெரும்பாலும் காரணமாகவும் இருக்கும். பிள்ளைகளுக்கு ஓய்வு இருக்கும் நேரம் எது, நூலகம் திறந்திருக்கும் நேரம் எது என்று இரண்டையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வகுப்பு நடக்கும்போது திறந்து, இடைவேளையில் பூட்டி, பள்ளி விடும் மணியோடு மூடும் நூலகத்துக்குப் பிள்ளைகள் எப்படி வருவார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது, அவர் விடுப்பில் போனால் யார் திறப்பார்கள் என்பதையும் கேளுங்கள். இரண்டாவது சாவி ஒன்று செய்து அலுவலகத்தில் வைத்ததிலேயே சரியான நூலகங்கள் உண்டு. மதியம் உட்கார ஆளில்லை என்றால் மேல்வகுப்புப் பிள்ளைகள் இருவரை முறை வைத்து உட்கார வையுங்கள், இரவல் கொடுத்து வாங்க அவர்களுக்கு ஒரு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். தங்கள் வயதுக்காரர் மேசையில் இருக்கிறார் என்பதற்காகவே சிலர் உள்ளே வருவார்கள்.

நூலக பீரியட் தண்டனையாகிவிட்டது. சேட்டை செய்தவர்களை உட்கார வைக்கும் இடமாகவோ, ஆசிரியர் வராத வகுப்பை அடைத்து வைக்கும் இடமாகவோ நூலகத்தைப் பயன்படுத்துகிறார்களா என்று பாருங்கள். அப்படியென்றால் இன்றே நிறுத்தச் சொல்லித் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். ‘நூலகத்துக்குப் போ’ என்பது அந்தப் பள்ளியில் திட்டுவதற்குச் சமமாக ஆகிவிட்டால் அதன்பிறகு நீங்கள் வாங்கும் எந்தப் புத்தகமும் ஈடு கொடுக்காது.

வாசலில் விதிகள் அதிகம். கதவில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை ஒரு புது மாணவன் படிப்பதுபோல நின்று படித்துப் பாருங்கள். பேசாதே, பையைக் கொண்டு வராதே, அடையாள அட்டை இல்லாமல் நுழையாதே, ஒரு வாரத்துக்கு ஒரு புத்தகம், தொலைத்தால் இரு மடங்கு. இத்தனைக்கும் நடுவில் ‘வா’ என்று எங்கேயாவது இருக்கிறதா? எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, புத்தகத்தை எப்படி எடுப்பது, எப்போது திருப்புவது என்ற இரண்டு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். மெல்லப் பேசிக்கொள்ள அனுமதி கொடுங்கள். இந்த வயதில் புத்தகத்தைப் பற்றி நண்பனிடம் பேச முடியாத இடத்தில் புத்தகமும் நகராது.

இடமே ஒதுக்குப்புறம். மாடியின் கடைசி அறை, பாதி பேருக்கு எங்கே என்றே தெரியாது. அறையை மாற்றுவது செலவு, அதற்கு முன்னால் புத்தகத்தை நகர்த்துங்கள். முப்பது நாற்பது புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டு வகுப்பறையில் வைத்து, மாதம் ஒருமுறை பெட்டிகளை வகுப்புகளுக்குள் மாற்றிக்கொண்டே இருங்கள். பொறுப்பு அந்த வகுப்புப் பிள்ளைகளிடமே இருக்கட்டும். பெட்டி காலியாகிறது, நூலகம் மட்டும் காலியாகவே இருக்கிறது என்றால் குறை அறையில்தான், அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் போய் வேறு அறை கேளுங்கள்.

அறையில் பூஞ்சை வாடை அடித்தாலோ, உள்ளே போனதும் பிள்ளைகள் தும்மினாலோ அது தனிச் சிக்கல். பூஞ்சை பிடித்த புத்தகங்களைத் தனியே உறையிட்டு ஒதுக்குங்கள், பிள்ளைகளை விட்டுத் துடைக்கச் சொல்லாதீர்கள். சுவரில் ஈரம் ஏறியிருந்தால் கட்டடம் பார்ப்பவரைக் கூப்பிடாமல் தீராது. புத்தகத்தை மட்டும் மாற்றினால் புதியதும் அப்படியே ஆகும்.

அறிகுறி 2: வருகிறார்கள், உட்காருகிறார்கள், புத்தகத்தைத் தொடுவதில்லை

வருவதே பாதி வெற்றி, விரட்டிவிடாதீர்கள். வீட்டுப்பாடம் எழுதட்டும், அரட்டை அடிக்கட்டும். கை எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் இப்போது கேள்வி.

பூட்டிய கண்ணாடி அலமாரி. திறந்துவிடுங்கள். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் பிணைத்து வைத்தார்கள், இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்டு கதீட்ரலில் அந்தச் சங்கிலி நூலகத்தை இன்றும் பார்க்கலாம். அப்போது புத்தகம் அரிய, விலை மிகுந்த பொருள், காரணம் இருந்தது. இன்று அந்தக் காரணம் இல்லை. இந்திய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தபோது முதல் விதியாகவே ‘நூல்கள் பயன்படுத்துவதற்கே’ என்று வைத்தார். நூலகத்தில் வேலை பார்ப்பவரின் பயமும் எனக்குப் புரிகிறது, இருப்பில் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே திறக்கும் முன் நிர்வாகத்திடம் எழுத்தில் ஒரு ஒப்புதல் வாங்குங்கள்: பயன்பாட்டில் ஆண்டுதோறும் இத்தனை புத்தகங்கள் வரை தொலையலாம், கிழியலாம், அதை நூலகரின் தலையில் கட்டுவதில்லை என்று. இந்த ஒரு தாள் கிடைத்தால் பல பூட்டுகள் தானாகத் திறந்துகொள்ளும்.

முதுகு மட்டும் தெரிகிறது. நெருக்கி அடுக்கிய அலமாரியில் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரே நிறத்தில் வரிசையாக முதுகுதான் தெரியும். ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு புத்தகத்தையாவது அட்டை தெரியும்படி நிறுத்துங்கள். வாசலுக்கு எதிரே ஒரு மேசை போட்டு இருபது புத்தகங்களைப் படுக்க வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். இதைச் செய்துவிட்டு இரண்டு வாரம் கழித்து அந்த இருபதின் சீட்டுகளை மட்டும் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

வகை எண் அவர்களுக்குப் புரிவதில்லை. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட, புத்தகங்களுக்குப் பொருள்வாரியாக எண் கொடுக்கும் தசமப் பகுப்பு முறை நூலகருக்கு நல்ல கருவி. ஆனால் பேய்க்கதை வேண்டும் என்று வரும் பையனுக்கு இலக்கியத்துக்கான எண்ணூறாம் வரிசையில் அதைத் தேட முடியாது, படக்கதை 741.5இல் ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று அவனுக்கு யார் சொல்வது? முதுகில் எண் இருக்கட்டும், பதிவேட்டிலும் இருக்கட்டும். பதின்ம வயதினருக்கான அலமாரியை மட்டும் அவர்கள் கேட்கும் வார்த்தைகளில் பிரித்து வையுங்கள்: பயமுறுத்துபவை, துப்பறிபவை, விளையாட்டு, உண்மைச் சம்பவம், காதல், விண்வெளி, ஒரே நாளில் முடிப்பவை. கடைசியாகச் சொன்ன தட்டு எல்லா நூலகத்திலும் முதலில் காலியாவதைப் பார்த்திருக்கிறேன். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதனின் நான்காவது விதி, இந்தத் தட்டுப் பிரிப்பு அதற்குள்தான் வருகிறது.

செத்த புத்தகங்கள் உயிருள்ளவற்றை மறைக்கின்றன. இங்கேதான் எல்லோருக்கும் கை வராது. இருநூறு நல்ல புத்தகங்கள் எண்ணூறு பழைய வழிகாட்டிகளுக்கும் காலாவதியான ஆண்டு மலர்களுக்கும் நடுவில் இருந்தால் யார் கண்ணிலும் படாது. கழிப்பதற்கு அமெரிக்க நூலகர்கள் 1970களிலிருந்தே பயன்படுத்தும் கேள்விகள் போதும்: தகவல் தவறாகிவிட்டதா, பார்க்கவே முடியாதபடி பழுதாகிவிட்டதா, இதைவிடப் புதிய பதிப்பு வந்துவிட்டதா, உள்ளடக்கத்துக்கு மதிப்பில்லையா, இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாததா, வேறெங்கும் எளிதாகக் கிடைக்குமா. இதில் ஒன்றிரண்டுக்கு ‘ஆம்’ வந்து, தேதிச் சீட்டும் பல ஆண்டுகளாக வெறுமையாக இருந்தால் எடுத்து விடுங்கள். குறிப்பாகக் கணினி, மருத்துவம், வேலைவாய்ப்பு பற்றிய பழைய நூல்கள். தவறான தகவலைப் பிள்ளை கையில் கொடுப்பதைவிட அந்த இடம் காலியாக இருக்கலாம். ஆனால் பதிவேட்டிலிருந்து முறையாக நீக்கி, ஒப்புதல் வாங்கியே செய்யுங்கள். பழைய, அரிதான நூலோ என்ற சந்தேகம் வந்தால் அதைத் தனியே வைத்துவிட்டு, நூலகவியல் படித்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும். இதுவரை சொன்ன எல்லாம் செய்தும் நகரவில்லை என்றால் இருப்பதே பொருந்தவில்லை. வாங்கும் முன் பிள்ளைகளைக் கேளுங்கள். பெட்டி வைத்து ‘என்ன வேண்டும்’ என்று எழுதிப் போடச் சொன்னால் வெறும் பெட்டிதான் மிஞ்சும், அவர்களுக்குப் புத்தகப் பெயர்களே தெரியாது. கடைசியாக விரும்பிப் பார்த்த படம் எது, எந்த விளையாட்டு, எதைப் பற்றி நண்பர்களோடு விடாமல் பேசுகிறாய் என்று கேளுங்கள், அதிலிருந்து நீங்கள் புத்தகத்துக்கு வாருங்கள். நாலைந்து பிள்ளைகளைத் தேர்வுக் குழுவில் சேருங்கள், அதில் படிக்காத பிள்ளை ஒருவராவது கட்டாயம் இருக்கட்டும். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் செலவழிக்காமல் மூன்றாகப் பிரித்து வாங்கினால் முதல் தவணையின் சீட்டுகள் இரண்டாவது தவணைக்கு வழிகாட்டும்.

அறிகுறி 3: எடுத்துப் போகிறார்கள், படிக்காமல் திருப்புகிறார்கள்

‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்துச்சு டீச்சர்’ என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வியை மாற்றுங்கள்: ‘எந்தப் பக்கத்தில் விட்டாய்?’ ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்டபோது கொஞ்சம் தயங்கிவிட்டு, ‘பன்னிரண்டு. அந்தத் தாத்தா ஊரைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்கும் எதுவும் நடக்கவே இல்லை’ என்றாள். இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் பெரியவர்களிடமிருந்து அதிகம் கேட்டதில்லை. வர்ணனை குறைவாக, முதல் பக்கத்திலேயே ஏதாவது நடக்கிற கதை அவளுக்கு வேண்டும் என்று அந்த ஒரு பதிலில் தெரிந்துவிட்டது, அடுத்த புத்தகத்தை அவள் முடித்துவிட்டே வந்தாள்.

ஆகவே முதல் சரிபார்ப்பு, பாதியில் விடுவதற்கு உங்கள் நூலகத்தில் அனுமதி இருக்கிறதா? எடுத்தால் முடித்தே ஆக வேண்டும், சுருக்கம் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்தது என்ற விதி இருந்தால் பிள்ளைகள் மெலிந்த புத்தகமாகப் பார்த்து எடுத்து, பின்னட்டையைப் பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். அந்த விதியை எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, இரவல் காலம். ஒரு வாரம் போதாது. தேர்வு, வீட்டு வேலை எல்லாம் போக வாரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கிடைத்தால் அதிகம். மூன்று வாரம் கொடுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு புத்தகம் எடுக்க விடுங்கள். ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று கையில் இருக்கும்.

மூன்றாவது, கடினம். எடுக்கும் முன்னால் அங்கேயே நின்று முதல் பக்கத்தையும் நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தையும் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நடுப்பக்கம் முக்கியம், முதல் பக்கத்தை எல்லோரும் கவனமாக எளிதாக எழுதியிருப்பார்கள். படிக்கும்போது முகத்தைப் பாருங்கள், புரிகிறதா என்று வாயால் கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். கடினம் என்றால் எளிய நடையில், ஆனால் அதே வயதுக்கான விஷயத்தில் புத்தகம் தேடுங்கள். சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகத்தைப் பதினைந்து வயதுப் பையன் கையில் கொடுத்தால் நண்பர்கள் முன்னால் அவன் அதை ஒளித்து வைக்க வேண்டியிருக்கும். எந்த எளிய புத்தகமும் நகராமல் போனால் கடைசிக்கு முந்தைய அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 4: படக்கதை மட்டும், ஒரே தொடர் மட்டும், திரும்பத் திரும்ப ஒரே புத்தகம்

இது கோளாறே இல்லை. தொடரின் அடுத்த பாகத்தை வாங்கி வையுங்கள். விடுபட்ட பாகம் ஒன்று இருந்தால் அங்கேயே அந்த வாசகரை இழப்பீர்கள், ஆகவே தொடர்களில் எண் விடுபடாமல் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபாருங்கள்.

பெற்றோரோ ஆசிரியரோ ‘உருப்படியாக ஏதாவது கொடுங்கள்’ என்றால், அதே வகையில் ஒரு படி நீளமானதைப் பக்கத்தில் வையுங்கள், கையில் இருப்பதைப் பிடுங்காதீர்கள்.

அறிகுறி 5: முன்பு நன்றாகப் படித்தவர்கள் எட்டு, ஒன்பதாம் வகுப்பில் நிறுத்திவிட்டார்கள்

இதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன், இதில்தான் அதிகமாக இழக்கிறோம். முதலில் அலமாரியில் ஒரு பள்ளம் இருக்கிறதா பாருங்கள். ஒருபக்கம் சிறுவர் கதைகள், இன்னொரு பக்கம் பெரியவர்களுக்கான கனத்த நாவல்கள், நடுவில் ஒன்றுமில்லை என்பது பல பள்ளிகளின் நிலை. பதின்மூன்று வயதில் சிறுவர் கதை சலித்துவிடுகிறது, அடுத்தது கைக்கு எட்டவில்லை, விட்டுவிடுகிறார்கள். சீட்டில் பார்த்தால் சிறுவர் பகுதியில் கடைசி முத்திரை ஏழாம் வகுப்பு அட்டை எண்ணோடு முடிந்திருக்கும். சிறுவர் பகுதியிலிருந்து பிரித்து, வேறு மூலையில், தரையை ஒட்டிய உயரத்தில் அல்லாமல் அவர்கள் கண் உயரத்தில் ஒரு தனி அலமாரி கொடுங்கள். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று புத்தகம் தேட இந்த வயதினருக்குக் கூச்சம்.

அடுத்தது நேரம். தேர்வுச் சுமை ஏறும் வகுப்புகளில் முதலில் வெட்டப்படுவது நூலக பீரியட்தான். பள்ளி நேரத்திலேயே தினமும் பதினைந்து நிமிடம் மௌன வாசிப்பு என்ற ஏற்பாடு 1960களில் அமெரிக்காவில் தொடங்கிப் பள்ளிகளில் பரவியது. பிறகு பல நாடுகளிலும் பல பெயர்களில் நடக்கிறது. செய்வதானால் முழுதாகச் செய்யுங்கள்: புத்தகத்தைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும், பின்னால் கேள்வி கேட்கக் கூடாது, அறையில் இருக்கும் ஆசிரியரும் அந்த நேரத்தில் படிக்க வேண்டும். ஆசிரியர் அந்தப் பதினைந்து நிமிடத்தில் விடைத்தாள் திருத்தினால் ஒரு வாரத்தில் வகுப்பே திருத்தத் தொடங்கிவிடும், வீட்டுப்பாடத்தை. இந்த ஏற்பாட்டில் நான் எங்கும் விட்டுக்கொடுக்காத நிபந்தனை இதுதான்.

மூன்றாவது, பரிந்துரைக்க ஆள் இல்லை. அறிவிப்புப் பலகையில் ‘இந்த மாத நூல்’ என்று எழுதுவதால் பெரிதாக எதுவும் நடப்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ‘போன தடவை நீ எடுத்ததைப் பார்த்தேன், இது உனக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், பிடிக்காவிட்டால் நாளைக்கே கொண்டு வா’ என்று கையில் கொடுப்பதால் நடக்கிறது. அதற்கு நாம் படித்திருக்க வேண்டும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் நூலகத்தில் 1930களிலிருந்து பதின்ம வயதினருக்கான பகுதியை வளர்த்தெடுத்த மார்கரெட் எட்வர்ட்ஸ், தன்னிடம் பயிற்சிக்கு வரும் நூலகர்களை முதலில் அந்தப் பிள்ளைகளுக்கான நூல்களை ஏராளமாகப் படிக்க வைத்தார், பள்ளிகளுக்குப் போய் வகுப்பில் நின்று புத்தகங்களைப் பற்றிப் பேசினார். அதையே நீங்களும் செய்யலாம்: வகுப்புக்குப் போய் ஐந்து நிமிடம், மூன்று புத்தகம், கதையை முக்கியமான இடத்தில் நிறுத்திவிட்டு வந்துவிடுங்கள். மூன்றையும் கையோடு கொண்டு போங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி இருந்தால் இன்னும் நல்லது. நண்பர்கள் இருவர் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தைப் படிப்பது இந்த வயதில் வேலை செய்யும் அளவுக்கு வேறு எதுவும் செய்வதில்லை.

கைபேசிதான் காரணம் என்று சொல்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. அது நேரத்தைத் தின்கிறது என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன மூன்றையும் சரிசெய்யாமல் கைபேசியை மட்டும் பிடுங்கினால் பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்குமே தவிர, அலமாரிப் பக்கம் வராது.

அறிகுறி 6: பரிசு இருந்தால் படிக்கிறார்கள், பரிசு முடிந்ததும் நின்றுவிடுகிறது

பரிசை நிறுத்துங்கள், அல்லது படித்த எண்ணிக்கைக்குக் கொடுப்பதை மட்டுமாவது நிறுத்துங்கள். அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சிறு குழந்தைகளிடம் வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பின்னர் தானாக வரைய விட்டபோது அந்தக் குழந்தைகளின் ஆர்வம் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. எதையாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் நினைத்தால் புத்தகத்தையே கொடுக்கச் சொல்லுங்கள், அதையும் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

போட்டியில் எப்போதும் அதே நாலு பேர்தான் ஜெயிப்பார்கள், அவர்கள் போட்டி இல்லாவிட்டாலும் படிப்பவர்கள். மற்ற எல்லோருக்கும் அந்தப் பட்டியல் சொல்வது ‘உனக்கு இது வராது’ என்பதைத்தான்.

அறிகுறி 7: புத்தகம் திரும்பி வருவதில்லை

அபராதம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். சின்னத் தொகையாக இருக்கும், ஆனால் வீட்டில் கேட்கப் பயந்த பிள்ளை புத்தகத்தையும் தராது, நூலகத்துக்கும் வராது, நீங்கள் இழந்தது இரண்டையும். அமெரிக்க நூலகச் சங்கம் 2019இல் தாமத அபராதம் சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்மானம் போட்டது, பல நகர நூலகங்கள் அபராதத்தையே எடுத்துவிட்டன. ஒரு மாதம் மன்னிப்புக் காலம் அறிவித்து, கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ள வாசலில் ஒரு பெட்டி வையுங்கள். ஆளைப் பார்க்காமல் போட்டுவிட்டுப் போக முடிய வேண்டும், அதனால்தான் பெட்டி.

தொலைத்துவிட்டால்? பணத்துக்குப் பதில் நூலகத்தில் சில மணி நேர வேலையை ஏற்றுக்கொள்ளலாம், கிழிந்தவற்றை ஒட்டுவது, முத்திரை போடுவது. அப்படி வந்தவர்கள் அங்கேயே தங்கிவிட்டதும் உண்டு.

அறிகுறி 8: ஒரு புத்தகத்தைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது, எல்லோரும் பயந்துபோய் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள்

புகார் வரும் முன்பே இருக்க வேண்டியது எழுத்தில் ஒரு தேர்வுக் கொள்கை: யார் தேர்ந்தெடுக்கிறார்கள், எந்த அடிப்படையில், புகார் வந்தால் யார் படித்துப் பார்த்து முடிவு செய்வார்கள் என்று ஒரு பக்கம். முடிவு வரும் வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பும் சேர்ந்து 1999இல் வெளியிட்ட பள்ளி நூலக அறிக்கையில், கருத்தியல், அரசியல், மதத் தணிக்கைக்கோ வணிக நெருக்கடிக்கோ நூலகச் சேவை உட்படக் கூடாது என்று இருக்கிறது. அந்த வரியை உங்கள் கொள்கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகார் சொன்ன பெற்றோரை உட்கார வைத்துக் கேளுங்கள், முழுப் புத்தகத்தையும் படித்தீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். தன் பிள்ளைக்கு வேண்டாம் என்றால் அது அவர் உரிமை, எல்லோர் பிள்ளைக்கும் வேண்டாம் என்பதைக் குழு முடிவு செய்யட்டும். எழுத்தில் மிரட்டலோ சட்ட நோட்டீஸோ வந்தால் நீங்களாகப் பதில் எழுத வேண்டாம், நிர்வாகமும் அதன் வழக்கறிஞரும் பார்க்கட்டும்.

அறிகுறி 9: முயற்சி செய்கிறார், முடியவில்லை

கதவு, அலமாரி, விதி, நேரம், புத்தகம் எல்லாம் சரி, குறிப்பிட்ட ஒரு பிள்ளைக்கு மட்டும் எதுவும் வேலை செய்யவில்லை என்றால்தான் இங்கே வர வேண்டும். வெளியில் தெரியும் அடையாளம் பெரும்பாலும் சேட்டையாக இருக்கும். சத்தமாகப் படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்பான், புத்தகத்தைக் கேலி செய்வான், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நண்பனைச் சிரிக்க வைப்பான்.

தனியாக, யாரும் இல்லாத நேரத்தில், ஒரு பத்தியை மெல்லிய குரலில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பின் முன்னால் ஒருபோதும் வேண்டாம். வரி தவறுகிறதா, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிக்கிறாரா, சின்னச் சொற்களை விடுகிறாரா, ஒரே சொல் அடுத்த வரியில் வந்தாலும் மறுபடி தடுமாறுகிறாரா என்று கவனியுங்கள். அப்புறம் அதே அளவுள்ள வேறொரு பத்தியை நீங்கள் படித்துக் காட்டி, என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள்.

கேட்டால் நன்றாகப் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்தைச் சொல்லாக்கும் இடத்தில் இருக்கிறது. கேட்டாலும் படித்தாலும் புரியவில்லை என்றால் பெரும்பாலும் மொழி, அந்தப் புத்தகத்தின் மொழி அவர் வீட்டில் பேசுவதாக இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் வீட்டு மொழியில் புத்தகம் கொடுங்கள், அதில் வாசிப்பு ஓடத் தொடங்கியதும் மற்ற மொழிக்கும் அது கைகொடுக்கும். கேட்பதிலேயே தடுமாற்றம் என்றால் காதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

முதலில் அனுப்ப வேண்டிய இடம் கண் மருத்துவர். கொஞ்சம் படித்ததும் தலைவலி, எழுத்து இரட்டையாகத் தெரிவது, புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டு போவது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பது இதெல்லாம் இருந்தால் தாமதிக்காதீர்கள். தூரத்துப் பலகை தெரிகிறது என்பதால் கண் சரி என்று முடிவு கட்டாதீர்கள், கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும், அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கண் சரி, கேட்டால் புரிகிறது, பேச்சில் கெட்டிக்காரர், எழுதினால் ஏகப்பட்ட எழுத்துப்பிழை, இது சிறுவயதிலிருந்தே இருக்கிறது என்றால் வாசிப்புக் குறைபாடான டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். இங்கே நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும். அதை உறுதி செய்வது சிறப்புக் கல்வியாளரும் உளவியலாளரும்தான், நூலகரோ வகுப்பாசிரியரோ பெயர் சூட்டக் கூடாது, சோம்பேறி என்றும் சொல்லக் கூடாது. அது அறிவுக் குறைவு இல்லை, கண் கோளாறும் இல்லை. நிறத் தாளோ நிறக் கண்ணாடியோ போட்டால் குணமாகும் என்று விற்பவர்களிடம் பெற்றோர் பணத்தைக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்து வயதாகிவிட்டதே என்று தள்ளிப்போடவும் வேண்டாம், எழுத்தொலிகளை முறைப்படிக் கற்றுத்தரும் பயிற்சி அந்த வயதிலும் பயன் தரும்.

அதுவரை நூலகம் செய்யக்கூடியது நிறைய. ஒலிப்புத்தகம் கொடுங்கள், அச்சுப் புத்தகத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்லுங்கள். பெரிய எழுத்து, அகன்ற வரி இடைவெளி, குட்டி அத்தியாயங்கள் உள்ளதாகப் பாருங்கள். கேட்பது படிப்பதாகாது என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளையின் முன்னால் சொல்ல விடாதீர்கள். 2013இல் கையெழுத்தான மராகேஷ் ஒப்பந்தம், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டுமின்றி, அச்சைப் படிக்க முடியாத வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கும் நூல்களை அணுகக்கூடிய வடிவத்தில் மாற்றிக் கொடுக்க வழி செய்கிறது. உங்கள் நாடு அதில் சேர்ந்திருந்தால், அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் வழியாக டெய்சி வடிவ ஒலிநூல்களை (அத்தியாயம், பக்கம் வாரியாகத் தாவிக் கேட்கக்கூடியவை) பள்ளிக்குக் கேட்டு வாங்கலாம். மருத்துவச் சான்றிதழ் கேட்பார்களா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 10: விடாமல் படித்த பிள்ளை ஒரேயடியாக நிறுத்திவிட்டது, நண்பர்களையும் விட்டுவிட்டது

படிப்பை மட்டும் விட்டால் ஐந்தாவது அறிகுறி. விளையாட்டு, நண்பர்கள், பேச்சு எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கியிருந்தால், தூக்கமும் முகமும் மாறியிருந்தால், இது நூலகத்தின் வேலை இல்லை. புத்தகத்தைப் பற்றிப் பேசாதீர்கள், எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள், சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அந்த வாரத்துக்குள் பள்ளியின் மனநல ஆலோசகரிடம் சொல்லுங்கள், ஆலோசகர் இல்லாத பள்ளியில் தலைமையாசிரியர் வழியாக வீட்டுக்குத் தெரிவித்து மருத்துவரிடம் அனுப்புங்கள். வீட்டில்தான் ஆபத்து என்று பிள்ளை சொன்னால் வீட்டுக்குச் சொல்லும் முன் குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் போங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ சாவதைப் பற்றியோ பேசினால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே, அப்போதே ஆலோசகரையோ மருத்துவரையோ கூப்பிடுங்கள். ரகசியமாக வைத்திருப்பேன் என்று வாக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் பெயரில் பாக்கி இருக்கும் புத்தகங்களுக்கு நினைவூட்டுச் சீட்டு அனுப்புவதை நிறுத்தி வையுங்கள்.